பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவின் பையன்

ஆரணி
12-7-1981

அன்புள்ள அக்காவுக்கு,

குணசுந்தரி எழுதுவது. நானும் அவரும் பாஞ்சாலையும் சுகமாக இருக்கிறோம். குண்டக்கல்லில் வெயில் இறங்கிவிட்டதா? மாமாவுக்குக் கூட்ஸ் வண்டியோடு அலைச்சல் குறைந்திருக்கிறதா? மரகதம் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டாளா? திருமலைக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அவனை நான் பார்த்தது இரண்டு வயதில். இப்போது எதிரில் வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

இங்கே ஒரு புதுச் சங்கதி. பாஞ்சாலைக்குப் பத்து வயதாகியும் பேச்சு நாலு சொல்லுக்கு மேல் வரவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஆறு மாதமாக ஒரு வகுப்புக்கு அனுப்புகிறேன். சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம். ஜெபராணி டீச்சர் மெட்ராஸில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். நம் பாஞ்சாலையைப் போல் பதினொரு பிள்ளைகள்.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பெற்றோர்களை மட்டும் கூப்பிட்டிருந்தார். "பிள்ளைங்களுக்கு நான் சொல்லித் தரேன். உங்களுக்கு யாரு சொல்லித் தருவாங்க? நீங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அரைமணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று தேவிகாபுரத்திலிருந்து வரும் பச்சையம்மாள், "நேத்து எம் புள்ள சோத்துப் பானைக்குள்ள காலை வுட்டுகினு நின்னான்யா! நான் அடிக்கறதா, சோத்தை எடுக்கறதா?" என்றாள். பிறகு சைக்கிள் கடை தனக்கோடி அண்ணன் சிரித்தார். "எம் பையன் பரவால்ல. கெணத்துக்குள்ள என் செருப்பை மட்டும்தான் போட்டான்" என்றார். அவ்வளவுதான். ஒருவர் பாக்கியில்லாமல் சொல்ல ஆரம்பித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி எடுத்துவிட்டது. பத்து வருஷமாக இதற்காக அழத்தான் செய்திருக்கிறேன் அக்கா. சிரிக்கலாம் என்று தெரியவே தெரியாது.

இனி மாதம் ஒரு ஞாயிறு கூடுவதாக முடிவு. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
குணசுந்தரி


குண்டக்கல்
6-8-1981

அன்புள்ள குணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். மரகதம் பாஸ் செய்துவிட்டாள். திருமலை ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறான்.

நீ எழுதிய கூட்டத்தைப் பற்றி மூன்று தடவை படித்தேன். வீட்டு விஷயத்தை அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்ல முடிந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சுப்பம்மா என்று ஒரு தெலுங்குக்கார அம்மாள் இருக்கிறார். அவருக்குப் பதினொரு வயதில் ஒரு பையன். பேச்சு இல்லை. சட்டைப் பித்தான்கூடப் போடத் தெரியாது. தினமும் அதற்கே ஒரு போராட்டம். உன் டீச்சர் இதற்கு ஏதாவது வழி சொல்வாரா? அந்த அம்மாள் பாவம், கேட்க ஆள் இல்லாதவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அபிதகுசாம்பாள்


ஆரணி
23-8-1981

அன்புள்ள அக்கா,

இங்கே நல்ல மழை. பட்டுநூல் காயாமல் அவர் தறியில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அதைத் தவிர வேறு நோய்நொடி இல்லை. உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

சுப்பம்மாவின் பையனுக்கு வழி இருக்கிறது. டீச்சர் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன். நாம் எல்லோரும் பித்தானை முதலிலிருந்து பழக்குகிறோம். அது தப்பாம். கடைசியிலிருந்து பழக்க வேண்டுமாம். அவரே பித்தானை முக்கால்வாசி ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பையன் கையில் விட வேண்டும். இழுத்தவுடன், "ஆச்சு! போட்டுட்டியே!" என்று கொண்டாட வேண்டும். நாலைந்து நாள் போனபின் பாதிவரை நுழைத்துக் கொடுக்கலாம். அப்புறம் காலே அரைக்கால். எப்போதும் முடிப்பது அவனாகத்தான் இருக்க வேண்டும். சின்னப் பித்தான் வேண்டாம். பழைய கோட்டுப் பித்தான், எட்டணாக் காசு அகலத்தில், ஒன்று தைத்துக்கொள்ளச் சொல்.

பாஞ்சாலைக்கு ஆறு வாரம் ஆயிற்று. இப்போது அவள் தன் பித்தானைப் போட்டுக்கொள்வதோடு நிற்பதில்லை. தெருவில் யார் சட்டை திறந்திருந்தாலும் போய்ப் போட்டுவிடுகிறாள். நேற்று தபால்காரர் பிலவேந்திரன் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு மூச்சுத் திணற நின்றார்.

அந்தப் பையனுக்கு வேறு என்ன சிரமம் என்று கேட்டு எழுது. எங்கள் கூட்டத்தில் கேட்டால் பதினோரு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

குணா


குண்டக்கல்
14-9-1981

அன்புள்ள குணா,

எல்லோரும் நலமே. உன் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுப்பம்மாவிடம் சொன்னேன். கோட்டுப் பித்தான் தைத்திருக்கிறார்.

இன்னொன்று கேட்கச் சொன்னார். வண்டி ஊதினால் அந்தப் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். சுவரில் தலையை மோதிக்கொள்கிறான். ஜங்ஷன் ஊரில் ஊதாத வண்டி எங்கே இருக்கிறது? ராத்திரி பகல் இதே கதை. கதவு ஜன்னலைச் சாத்திப் பார்த்தாயிற்று. பஞ்சு வைத்துப் பார்த்தாயிற்று. பிடுங்கி எறிந்துவிடுகிறான்.

அவசரம் இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

அபிதகுசாம்பாள்


ஆரணி
4-10-1981

அன்புள்ள அக்காவுக்கு,

குணா எழுதுவது. சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் சுப்பம்மாவுக்குப் பதில். கூட்டத்தில் கேட்டேன். பச்சையம்மாளின் பையனுக்கும் மேளச்சத்தம் ஆகாது. அவள் சொன்னாள்: "சத்தம் பயமில்லக்கா. திடீர்னு வர்றதுதான் பயம். வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டா புள்ள தயாரா இருக்கும். நான் மேளக்காரரு குச்சியைத் தூக்கும்போதே காதுல கையை வெச்சு, வருது வருதுன்னு சொல்லிடுவேன்." சுப்பம்மாவின் வீட்டுக்காரருக்கும் ரயில்வே உத்தியோகம்தானே? எந்த வண்டி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாதா? அவரே சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது எங்கள் கதை. சலுகை பஸ் பாஸுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று பதினொரு பிள்ளைகளையும் வேலூருக்கு அழைத்துப் போனோம். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் படியில் கையை நீட்டி மறித்துக்கொண்டார். "இத்தினி பைத்தியத்தை ஏத்திகினு நான் எங்கம்மா போறது? பேஜாரு!" என்றார். நான் பாஞ்சாலையை இழுத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தேன். பச்சையம்மாள் நகரவில்லை. "யோவ், நீ தலையை எண்ணி டிக்கெட்டு கிழி. தலைக்குள்ள இருக்கறத எண்ணறதுக்கா உன்னை வெச்சிருக்காங்க? அத எண்ணனா உனக்கே அரை டிக்கெட்டுதான்" என்றாள். உள்ளேயிருந்த ஜனம் கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் வழிவிட்டார்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே ஆள். பாஞ்சாலை அவர் பக்கத்தில் போய் நின்று, திறந்திருந்த காக்கிச் சட்டைக்குப் பித்தானைப் போட்டுவிட்டாள். மனிதர் என்ன நினைத்தாரோ, விசிலை அவள் கையில் கொடுத்தார். ஒரு ஊது. வண்டி நின்றது. கண்டக்டர் வாங்கி இரண்டு ஊது ஊதினார். வண்டி கிளம்பியது. பாஞ்சாலை பிடுங்கி மறுபடி ஒரு ஊது. கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் நாலு தடவை நின்றோம். டிரைவர் தலையை நீட்டி, "அந்தப் பொண்ணையே கண்டக்டரா வெச்சுக்கறேன், நீ எறங்குய்யா!" என்று கத்தினார். ஆரணியில் இறங்கும்போது கண்டக்டர், "அடுத்த மாசம் எப்பம்மா வருவீங்க?" என்று கேட்டார்.

தீபாவளிக்கு வருகிறாயா? வரமாட்டாய். இருந்தாலும் கேட்கிறேன்.

உன்,
குணா


குண்டக்கல்
29-10-1981

குணா, குணா!

முந்தாநாள் தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் புதுச்சட்டையை மாட்டிவிட்டு, அடுப்பில் எண்ணெய் காய்கிறதே என்று உள்ளே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் ஐந்து பித்தானும் போட்டிருக்கிறான். சின்னப் பித்தான், குணா! கடைப் பித்தான்! ஒன்று மட்டும் ஓட்டை மாறிப்போய்ச் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் சரி செய்யவில்லை. நாள் முழுவதும் அப்படியே இருக்கவிட்டேன்.

மாமா சுவரில் சாக்பீஸால் வண்டி நேரமெல்லாம் எழுதியிருக்கிறார். டியூட்டி இல்லாத நாளில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, "பாம்பே மெயில் வருதுடா, இதோ வருது, வருது" என்கிறார். அவனும் தானே காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறான். போனபிறகு கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறான். பதினொரு வருஷத்தில் மாமா அவனை மடியில் வைத்து நான் பார்த்ததில்லை.

உன் டீச்சருக்கும் அந்தப் பச்சையம்மாளுக்கும் என் கும்பிடு.

அபிதகுசாம்பாள்


ஆரணி
8-11-1981

அன்புள்ள அக்கா,

இங்கு எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, "ஏன் அழுவுற? யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். "குண்டக்கல்லில் ஒரு பையன் பித்தான் போட்டுவிட்டான்" என்றேன். "அதுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தறிக்குப் போனார்.

சுப்பம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லு அக்கா. நான் எதையும் கேட்கமாட்டேன். அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுதட்டும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து அவன் என்ன பழக வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

அந்தப் பையனுக்கு என் முத்தம்.

குணா


குண்டக்கல்
3-1-1982

அன்புத் தங்கை குணாவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கைதான் வரவில்லை.

சுப்பம்மா என்று யாரும் இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவர் ஒண்டிக்கட்டையான ஒரு டிக்கெட் பரிசோதகர். ஹாஸ்டலும் இல்லை. திருமலை ஒருநாளும் இந்த வீட்டைவிட்டு வேறெங்கும் இருந்ததில்லை. உனக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது என்றும் எனக்குத் தெரியும்.

மூன்று வயதில் தெரிந்தது. "வெளிய தெரிஞ்சா நாளைக்கு மரகதத்த எவன் கட்டுவான்?" என்றார் என் மாமியார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. நீ பாஞ்சாலையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனதாக ஒருமுறை எழுதினாய். அன்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இவளுக்கு வெட்கமே இல்லையா என்று நினைத்தேன். அது கோபமில்லை, பொறாமை என்று இப்போதுதான் தெரிகிறது.

இனிமேல்தான் கேட்க வேண்டியதே இருக்கிறது. பிப்ரவரி 7-ஆம் தேதி குடியாத்தத்திலிருந்து மரகதத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பாங்கில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. இவ்வளவு நல்ல இடம் இனி வருமா தெரியாது. அந்த ஒரு வாரம் திருமலையை உன்னிடம் விட்டுவைக்கலாமா? மாமா கொண்டுவந்து விடுவார். கல்யாணம் முடிந்தபிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். அக்காவுக்காக இதைச் செய்.

அபிதா


ஆரணி
17-1-1982

அன்புள்ள அக்கா,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் பெயரைச் சொல்லாமல் கூட்டத்தில் கேட்டேன். "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்" என்றுதான் ஆரம்பித்தேன். எல்லோருக்கும் புரிந்திருக்கும். யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

தனக்கோடி அண்ணன் சொன்னார்: "என் மூத்த பொண்ணுக்கு மூணு எடம் வந்துச்சும்மா. மூணும் எம் பையனப் பாத்துட்டு ஓடிப்போச்சு. நாலாவதா வந்தவரு அவன் கையில முறுக்கு குடுத்துட்டு பக்கத்துல ஒக்காந்தாரு. அவருதான் இன்னிக்கு எனக்கு மருமவன். முன்னாடி ஓடனவங்கள நெனச்சா, நல்லவேளை ஓடனாங்கன்னுதான் தோணுது." பச்சையம்மாள், "கல்யாணத்துக்கு முன்னாடி ஒளிச்சு வெச்சுடலாம். அப்பறம் எங்கக்கா ஒளிப்பாங்க? அந்தப் பொண்ணு இல்ல தெனம் பயந்துகினு குடித்தனம் பண்ணணும்" என்றாள்.

நான் சொல்வது என் சொந்த வார்த்தை அக்கா. திருமலையை எப்போது வேண்டுமானாலும் அனுப்பு. ஒரு வாரம் இல்லை, வருஷம் முழுவதும் இருக்கட்டும். பாஞ்சாலையோடு வகுப்புக்குப் போகட்டும். என் கையால் சோறு போடுகிறேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேண்டாம். அன்றைக்கு அவன் தன் வீட்டில் இருக்க வேண்டும்.

சின்ன வயதிலிருந்து நீ சொல்லி நான் மாட்டேன் என்றதில்லை. இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள். ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

குணா


(தபால் கார்டு)
ஆரணி
21-2-1982

அக்காவுக்கு அநேக வணக்கம். பதில் இல்லை. பிலவேந்திரன் என் முகத்தைப் பார்க்கவே பயந்து எதிர்ச்சாரியில் போகிறார். ஒரு வரி, திட்டியாவது போடு. பாஞ்சாலை "பெரிம்மா" என்று புதிதாக ஒரு சொல் சொல்கிறாள்.

குணா


குண்டக்கல்
10-3-1982

என் அருமைத் தங்கைக்கு,

நாங்கள் நால்வரும் நலம். நால்வரும் என்று எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று, நீயும் தங்கையா என்று திட்டினேன். மாமா, "பின்னறையில வெச்சுப் பூட்டிடலாம். ஒரு மணி நேரம்தானே" என்றார். சரியென்றுதான் சொன்னேன்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று காலை திருமலையைப் பின்னறைக்கு அழைத்துப் போனேன். வழக்கமில்லாத நேரத்தில் புதுச்சட்டை போட்டதில் அவனுக்கு ஏகக் குஷி. பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் வெளியே வந்து தாழ்ப்பாளில் கையை வைத்தேன். உள்ளிருந்து சத்தம் இல்லை. அழுதிருந்தால் பூட்டியிருப்பேன் குணா. கதவிடுக்கில் பார்த்தேன். வண்டி ஊதும் நேரமாகிவிட்டதென்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து நேராக முன்னறைக்குக் கூட்டிவந்தேன். அவர்கள் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "இவன் திருமலை. மரகதத்தோட தம்பி. பேச்சு வராது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனிதர். திருமலை அவர் கைக்கடிகாரத்தில் காதை வைத்துக் கேட்டான். அவர் கழற்றியே கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் காபி டம்ளரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஜாதகம் இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம்.

மரகதத்திடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். அவள் படித்துவிட்டு, "அப்பாடா! அந்த மாப்பிள்ளை பஜ்ஜியை மூணு தடவ எண்ணிப் பாத்துட்டு எடுத்தாரும்மா. நான் சிரிப்ப அடக்கிகினு நின்னது எனக்குத்தான் தெரியும்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி இங்கதான் இருக்கான்னு சினேகிதிங்ககிட்ட இனிமே சொல்லலாம் இல்லம்மா?" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் ஒளித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அந்த வெட்கத்தில்தான் உனக்கு ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் இல்லை.

இப்போது சாயங்காலம் அவனை மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது வாரம், பின்வரிசைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ராஜம்மாள் என்பவர், ஒரு பெண் குழந்தையை முந்தானைக்குள் மறைத்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பச்சையம்மாள் ஆனேன். இவன் மாமாவின் பச்சைக்கொடியை எடுத்துத் துவையல் அரைக்கும் கல்லில் வைத்து அரைத்த கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். முந்தானை தானாக விலகியது. வரும் ஞாயிறு எங்கள் வீட்டில் கூடுகிறோம். இரண்டே பேர்தான். பஜ்ஜி போடுகிறேன், எண்ணாமல்.

இன்னும் ஒன்று. மே மாதம் உங்கள் கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். ரயில்வே குடும்பப் பாஸ் வாங்க மாமா ஆபீசுக்குப் போனார். கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டாமே என்று முதலில் அவன் பெயரைச் சேர்க்காமல் விட்டோம்; மூன்று வயதுக்குப் பிறகு சேர்க்க மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த கிளார்க், அரக்கோணத்துக்காரர், குழம்பிப்போனாராம்.

"தங்கவேலு சார், ரிகார்டுல மூணு பேருதானே இருக்கு? இது யாரு திருமலை?"

"எம் பையன்."

"எப்ப சார் பொறந்தான்? சொல்லவே இல்லையே!"

"பதினோரு வருசமாச்சு."

"இத்தினி வருசமா ஏன் சார் பேரு சேக்கல?"

மாமா என்ன சொன்னார் தெரியுமா? "லேட்டுதாம்பா. கூட்ஸ் கார்டு நானு. நம்ம வண்டி என்னிக்கு டயத்துக்கு வந்துச்சு? ஆனா வந்துடும்ல. ஜல்தியா எழுது" என்றாராம். வீட்டுக்கு வந்து பாஸை என்னிடம் நீட்டி உரக்கப் படிக்கச் சொன்னார். நான் மூன்று பெயர் படித்தேன். நாலாவதை அவரே படித்தார். திருமலையைக் கூப்பிட்டு எழுத்தின்மேல் அவன் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

மே எட்டாம் தேதி காலை காட்பாடியில் இறங்குவோம். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம் என்றுதான் நான் எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை எல்லோரும் வாருங்கள். கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வா.

உன் அக்கா,
அபிதகுசாம்பாள்